சுவரோரம் ஒரு கட்டம்

நூற்றிருபது சிமெண்ட் கற்களை ஆகாசம் கழிப்பறையின் தலையில் இறக்கியபோது புதன்கிழமை காலை மணி பத்து இருபது.

கழிப்பறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஓரமாக நிறுத்தி வைப்பார்களே, நீல நிற பிளாஸ்டிக் கூண்டு, அதுதான். கற்கள் அடுக்கிய பலகை கிரேன் கயிற்றில் ஆடி வந்து, கூண்டின் தோளில் ஒரு இடி இடித்து, பிறகு அவசரமே இல்லாமல் அதன் கூரையில் உட்கார்ந்தது. கூண்டு ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. மேஸ்திரி உள்ளே போய், வேலையை முடித்து, வெளியே வந்து பதினைந்து அடி நடந்திருந்தார். அந்தப் பதினைந்து அடியை அவரே பிறகு காலால் அளந்து அளந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார்.

"அண்ணே, நிறுத்துங்க! நிறுத்துங்க!" வாக்கி-டாக்கியில் விசில் என்கிற பையனின் குரல் கிழிந்தது.

"நிறுத்திட்டேன்டா. அது மேலதான் நிறுத்தியிருக்கேன்."

மேஸ்திரி வாக்கி-டாக்கியைப் பிடுங்கினார். "யோவ் ஆகாசம்! என்னய்யா பண்ற மேல உக்காந்துக்கிட்டு?"

"உள்ள யாராவது இருக்காங்களா மேஸ்திரி?"

"நான்தான்யா இருந்தேன்! இப்பதான் வந்தேன்!"

"வயித்தைக் கெடுக்காம வச்சிருந்தீங்க பாருங்க, அதான் காப்பாத்திச்சு."

கீழே சிரிப்பு கிளம்பியது. நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த ஆகாசமும் சிரித்தார். பத்தொன்பது வருடமாக அந்த உயரத்தில் உட்கார்ந்தே பிழைப்பவர் என்பதால் வேலையிடத்தில் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

சிரிக்காதவன் விசில் ஒருவன்தான். கிரேன் தூக்கும் ஒவ்வொரு சுமைக்கும் அடியில் நின்று, இடம் வலம் சொல்லி இறக்க வைப்பது அவன் வேலை. மேலிருந்து பார்த்தால் அவன் ஒரு மஞ்சள் தொப்பி மட்டுமே. சின்னதாக ஒரு கட்டம். அந்தக் கட்டம் இப்போது நிமிர்ந்தது. மஞ்சளுக்கு நடுவே முகம் தெரிந்தது. நெடுநேரம் தெரிந்தது.

"காத்துடா," என்றார் ஆகாசம். "திடீர்னு ஒரு வீச்சு."

கேபினில் காற்றுமானி ஒன்று உண்டு. அதன் முள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்போலப் படுத்துக் கிடந்தது. நல்லவேளை, அதைப் பார்க்கக்கூடியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

நடந்தது வேறு. இடது கைப்பிடியை நடுவுக்குக் கொண்டு வந்தால் கிரேனின் நீண்ட கை சுழல்வது நிற்கும். கொண்டு வா என்று மனசு சொன்னது. கை கேட்டது. ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டது. மேலே ஒரு கண்ணிமைப்பு யோசித்தால் கீழே அது மூன்று முழம்.

கை யோசிக்க ஆரம்பித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவரிடம் கேட்டிருந்தால் "எந்தக் கை?" என்று கேட்டிருப்பார். அப்படித்தான் தன்னிடமே கேட்டுச் சமாளித்து வந்தார். கையில் ஏதோ இருக்கிறது என்றால் அந்த நாற்காலி போய்விடும். அதைத் தவிர வேறு நாற்காலியில் உட்காரத் தெரியாதவர் அவர். ஏதோ இருந்தும் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால், அடுத்த முறை அந்தப் பதினைந்து அடி இருக்காது. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் நினைக்காமல் இருப்பதற்குத்தான் மனிதன் ஜோக் அடிக்கக் கற்றுக்கொண்டான் என்பது ஆகாசத்தின் கட்சி.

மேஸ்திரி அறிக்கையில் காற்று என்றே எழுதினார். சாயங்காலம் இறங்கி வந்தவரை ஓரமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எழுதிட்டேன்யா. அந்தக் காத்து மறுபடி வராமப் பாத்துக்க."

*

வீட்டில் மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். உடுப்புத் தைக்கும் கம்பெனி ஒன்றில் அவள் கட்டிங் மாஸ்டர். நாற்பது அடுக்குத் துணியை ஒரே வெட்டில் நூல் பிசகாமல் அறுக்கிறவள். வீட்டு மேஜையில் ஒரு அடுக்கை வெட்டுவது அவளுக்கு ஓய்வு.

"கழிப்பறையை நசுக்கிட்டீங்களாம்?" என்றாள், கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதுக்குள்ள வந்திருச்சா சேதி?"

"மேஸ்திரி சம்சாரம் போன் பண்ணிச்சு. அழுதுச்சு, அப்புறம் சிரிச்சுச்சு."

"அதே வரிசையிலதான் எல்லாரும் பண்றாங்க."

அவள் சிரிக்கவில்லை. "பகலெல்லாம் கல்லை இறக்குறீங்க. வீட்டுக்கு வந்து பெட்டியில கல்லை இறக்குறீங்க. கண்ணுக்கும் கைக்கும் ஓய்வு வேணாமா? தூக்கம் பத்தலை உங்களுக்கு."

பெட்டியில் இறக்குவது என்று அவள் சொன்னது கணினி விளையாட்டை. அதைப் பற்றிப் பிறகு. இப்போது ஆகாசம் இடது கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை கொஞ்சம் வற்றிக் குழி விழுந்தாற்போல் இருந்தது. வெளிச்சம் சாய்ந்து விழுந்ததாலும் இருக்கலாம்.

"ஏம்மா, என் கை எப்படி இருக்கு?"

அவள் பார்த்தாள். வழக்கமாக ஒரு துணியைப் பார்ப்பதைவிட ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள்.

"கழுவாம இருக்கு. போய்க் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டுத் தண்ணீர் குடித்தார். டம்ளர் கை நழுவித் தரையில் விழுந்து, உருண்டு, அலமாரிக்கடியில் போய்ப் படுத்தது. உடையவில்லை, எவர்சில்வர். இந்த வீட்டில் கண்ணாடி டம்ளர்கள் ஆறு இருந்தன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எப்போது காணாமல் போயின என்பது நினைவுக்கு வரவில்லை. சட்டையைக் கழற்றினார். டப், டப், டப் என்று பட்டன்கள் தாமே திறந்துகொண்டன. அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டன்கள். போன வருடம் ஒரு நாள் எல்லாச் சட்டைகளிலும் அவள் அவற்றை மாற்றியிருந்தாள். "இப்ப இதுதான் பேஷன்" என்றாள். தனக்கும் பேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றாததை ஆகாசம் இன்றைக்கு நினைத்துக்கொண்டார். நினைத்த கையோடு மறந்தும் போனார். அதில் அவர் கெட்டிக்காரர்.

*

அந்த விளையாட்டைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். மேலிருந்து வடிவங்கள் விழும். கீழே இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அழியும். ஆனால் இதைச் சண்டையாக விளையாடுகிறவர்களின் உலகம் வேறு. அங்கே நீங்கள் அழிக்கும் வரிசைகள் எதிராளியின் பெட்டிக்கு அடியில் குப்பை வரிசைகளாக முளைத்து அவரை மேலே தள்ளும். கூரை இடித்தால் ஆள் காலி.

வடிவங்கள் ஏழு. ஆகாசமும் அவருடைய மச்சானும் அவற்றுக்கு வைத்த பெயர்கள்: கம்பி, கட்டி, முக்காலி, இரண்டு கொக்கி, இரண்டு பாம்பு. ஏழையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்தாற்போல வரும். ஏழும் தீர்ந்தால் அடுத்த பை. ஆகவே முதல் ஏழில் எது எப்போது வரும் என்று தெரியாவிட்டாலும், எல்லாம் ஒரு முறை வந்தே தீரும் என்பது தெரியும். அதை நம்பித்தான் தொடக்கம் போடுவது. முதல் பையில் ஒரு வீடு கட்ட வேண்டும்: வேண்டுமென்றே ஒரு பொந்து, அதன்மேல் பாதிக் கூரை. பார்க்கிறவனுக்குத் தப்பாக அடுக்கியதுபோல இருக்கும். இரண்டாம் பையின் முக்காலி வந்ததும், கூரைக்கடியில் அதை ஒரு முறுக்கு முறுக்கி நுழைத்தால் இரண்டு வரிசை போகும், எதிராளிக்கு நான்கு வரிசைக் குப்பை. இதெல்லாம் ஐந்தாறு நொடிகளுக்குள். மூளையைக் கூப்பிட நேரம் கிடையாது, கைதான் கட்டும். மூளை வந்து கிருகப்பிரவேசம் பண்ணும், அவ்வளவுதான்.

தொடக்கங்களை வரைவது மச்சானின் வேலை. மச்சான் என்பவர் ஆகாசத்தின் மனைவிக்கு அண்ணன்; மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். உண்மையில் மனைவி பிற்பாடு வந்த உறவு. விளையாட்டில் சேர்ந்த கூட்டாளியின் வீட்டுக்குப் போனபோது அங்கே ஒரு தங்கை இருந்தாள், விஷயம் அப்படிப் போயிற்று. மச்சான் கட்டம் போட்ட நோட்டில் ஏழு நிறப் பேனாவால் வரைவார், தேதி போடுவார், பெயர் வைப்பார். ஒன்றுக்கு 'மாமியார் வீடு' என்று பெயர்: பார்த்தால் வாசல் திறந்திருக்கும், உள்ளே போனவன் திரும்ப முடியாது. இன்னொன்று 'ஓசி டிக்கெட்': எதிராளி அனுப்பும் குப்பையின்மேலேயே ஏறிப் பயணம் செய்வது. இருவர் எதிர் இருவர் போட்டியில் இந்த ஜோடி பதினோரு வருடமாகப் பேர் பெற்றது இந்த நோட்டால்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆகாசம் கடைக்குப் போனார்.

"வாய்யா கழிப்பறை வீரா," என்றார் மச்சான்.

"மச்சான், கண்ணைக் கொஞ்சம் பாரேன். தூரம் தப்பா தெரியுதோன்னு ஒரு சந்தேகம்."

மச்சான் உற்சாகமாக அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டினார். எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். ஆகாசம் கடைசி வரிவரை படித்து, அதற்கும் கீழே அச்சகத்தின் முகவரியையும் படித்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள், மறு கண்ணை மூடிப் பார்த்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

நல்ல சேதி. ஆனால் மச்சானின் உற்சாகம் ஒவ்வொரு வரிக்கும் குறைந்துகொண்டே வந்தது. கண் கெட்டிருக்கக் கூடாதா என்று ஏங்குகிற கண்ணாடிக்கடைக்காரர்போல இருந்தது முகம். வியாபாரம் போன வருத்தம் என்று ஆகாசம் நினைத்தார்.

"இன்னொரு வாட்டி பாக்கலாமா?" என்றார் மச்சான்.

"எதுக்கு? பாஸ் பண்ணிட்டேன்ல?"

"இல்ல, சும்மா."

மறுபடி பார்த்தார்கள். மறுபடி எல்லாம் தெரிந்தது. மச்சான் சட்டத்தைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"அப்ப எனக்கு என்னதான் மச்சான்?"

"உனக்கு வயசு."

"உனக்கும் அதே வயசுதானே?"

"நான் கழிப்பறை மேல கல்லு போடலையே," என்று சொல்லிவிட்டு மச்சான் விளக்கை அணைத்தார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. அதற்காகத்தான் அணைத்தார் என்பது ஆகாசத்துக்குப் பிறகுதான் தோன்றியது.

*

வெள்ளிக்கிழமை மேகமூட்டம். ஆகாசம் இடது கையைத் துணியால் சுற்றிக்கொண்டு மேலே ஏறினார். கேட்டவர்களிடம் குளிர் என்றார். முதல் சுமை கம்பிக் கட்டு. மெதுவாகத் தூக்கி, மெதுவாகச் சுழற்றி, தொட்டில் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார். இரண்டாவது சுமை, மூன்றாவது சுமை, எல்லாம் சரியாகத்தான் போயின. அப்போதுதான் மஞ்சள் கட்டத்தைக் கவனித்தார்.

அது தள்ளி நின்றது. பத்தொன்பது வருடத்தில் அவர் மேலிருந்து பார்த்த ஒவ்வொரு மஞ்சள் தொப்பிக்கும் ஒரு இடம் உண்டு. சுமையிலிருந்து இரண்டு எட்டு. இன்றைக்கு விசில் பத்து எட்டு தள்ளி, சுவரோடு சுவராக நின்றான். நான்காவது சுமைக்கும் அப்படியே. ஐந்தாவது சுமைக்கு இன்னும் ஓர் எட்டு பின்னால் போனான்.

ஆகாசம் வாக்கி-டாக்கியை எடுத்தார். "ஏண்டா அவ்வளவு தள்ளி நிக்கிற? என் மேல கோவமா?"

மஞ்சள் கட்டம் ஒரு முறை மேலே நிமிர்ந்து, குனிந்தது.

"வெயில்ணே. நெழல்ல நிக்கிறேன்."

ஆகாசம் வானத்தைப் பார்த்தார். அவ்வளவு உயரத்தில் இருப்பவருக்கு வானம் பக்கத்து வீடு. அதில் வெயில் என்று ஒரு சொட்டுகூட இல்லை. "ஆமாடா, கொளுத்துது," என்றார். விசில் நல்ல பையன்; பொய் சொல்லும்போதுகூட மரியாதையாகச் சொன்னான். மற்ற சுமைகளை இறக்கி முடிக்கும்வரை வாக்கி-டாக்கியில் ஒரு ஜோக்கும் வரவில்லை. கீழே வேலை செய்தவர்கள் இரண்டு மூன்று முறை மேலே பார்த்தார்கள்.

*

சனிக்கிழமை மத்தியானம் கடையை மூடியபின் பின்னறையில் போட்டி. அடுத்த சுற்றுக்குப் போக ஐந்தில் மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும். எதிர் ஜோடி எந்த ஊர்க்காரர்கள் என்று தெரியாது. 'பல்லி', 'பல்லி தம்பி' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு 'சாய்மானம்' மட்டும் போடு," என்றார் மச்சான். "வேற எதுவும் வேணாம்."

"பழைய 'மாமியார் வீடு' என்ன பாவம் பண்ணிச்சு?"

"அதை எல்லாரும் பாத்துப் பாத்துப் பழகிட்டானுங்கய்யா. சொன்னாக் கேளு."

சாய்மானம் மச்சானின் புதுக் கண்டுபிடிப்பு. எல்லாம் வலது சுவரில் சாய்ந்து எழும்பும். முதல் ஆட்டத்தில் அழகாக விழுந்தது. முக்காலி கூரைக்கடியில் திரும்பி நுழைந்தபோது ஆகாசத்துக்கே கைதட்டத் தோன்றியது. இரண்டாவது ஆட்டமும் அவர்களுடையதே. மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது ஆட்டத்தில் பை வேறு மாதிரிக் குலுங்கியது. இரண்டு பாம்பும் முதலில் வந்துவிட்டன. பாம்பு முதலில் வந்தால் சாய்மானம் நிற்காது. கொக்கியை இடது சுவருக்கு அனுப்பி அங்கிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். இருபது வருடமாகக் கட்டிய கட்டு அது. இடது கை மோதிர விரல்தான் கீபோர்டில் இடப்பக்கச் சாவிக்கு. அழுத்திக்கொண்டே இருந்தால் வடிவம் சுவர்வரை ஓடும்.

அழுத்தினார். கொக்கி ஓடியது. சுவருக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது. வலது கை பழக்கத்தில் அதைக் கீழே போட்டுவிட்டது.

சுவரோரம் ஒரே ஒரு கட்டம் அகலத்துக்கு நீளமாக ஒரு சந்து. கம்பி வரும்வரை அதில் எதுவும் நுழையாது. கட்டிய வீடு முழுவதும் அந்தச் சந்தால் பாழ். அடியிலிருந்து குப்பை எழும்ப ஆரம்பித்தது. நான்கு வரிசை, பிறகு ஆறு, பிறகு எண்ண முடியவில்லை. தண்ணீர் ஏறும் அறைக்குள் நிற்பதுபோல் இருந்தது.

"பரவால்ல, அடுத்தது," என்றார் மச்சான்.

நான்காவது ஆட்டத்திலும் பாம்புகள் முன்னால் வந்தன. கொக்கி சுவருக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது. ஐந்தாவதில் ஆகாசம் பல்லைக் கடித்து, விரலைச் சாவியோடு சேர்த்துத் தைத்துவிடுபவர்போல அழுத்தினார். விரல் அழுத்தவில்லை. அதைத் தன் கண்ணால் பார்த்தார். மனசு சொன்னது அழுத்து என்று. விரல் சாவியின்மேல் சும்மா படுத்திருந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப்போல.

சுவரோரம் ஒரு கட்டம். மூன்றாம் முறை.

திரையில் தோல்வி என்று வந்தது. பல்லி தம்பி ஒரு கும்பிடு அனுப்பினான். முன்பக்கம் யாரோ கதவைத் தட்டினார்கள். கண்ணாடி உடைந்துபோன வாடிக்கையாளர். "இரு, பாத்துட்டு வந்துடறேன்," என்று மச்சான் தேவைக்கு மேல் அவசரமாக எழுந்து போனார்.

நோட்டு மேஜைமேல் கிடந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்றுதான் ஆகாசம் அதைப் புரட்டினார். சாய்மானம் வலது சுவரில் நின்றது. அதற்கு முந்தையது, அதுவும் வலது. அதற்கும் முந்தையது, வலது. பத்துப் பக்கம் பின்னால் போனார், பதினைந்து பக்கம் போனார். எல்லாக் கட்டடங்களும் ஒரே திசையில் சாய்ந்து நின்றன, புயலில் அகப்பட்ட மரங்கள்போல. இடது சுவரோடு கட்டிய கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

'மாமியார் வீட்டை' எல்லாரும் பார்த்துப் பழகிவிட்டார்களாம். 'ஓசி டிக்கெட்' பழசாம். ஒவ்வொன்றாக மச்சான் கழற்றிய காரணங்கள் காதில் கேட்டன. அப்போது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு எண். மூக்குக்கண்ணாடிச் சீட்டில் எழுதுகிற அதே பொடி எழுத்து. 'இ.மோ. 4.' சில பக்கம் தள்ளி, 'இ.மோ. 5.' பிறகு 5, 7, 7, 9. போன மாதம் 12. போன சனிக்கிழமை 15, அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே எதுவும் இல்லை.

இடது மோதிர விரல் என்று புரிய நேரம் ஆகவில்லை. ஆட்டப் பதிவுகளை நொடிக்கு அறுபது துண்டாக நறுக்கி ஓட்டிப் பார்க்கலாம். எந்த விரல் எத்தனை துண்டு தாமதம் என்று எண்ணிவிடலாம். எதிராளியை அளக்க மச்சான் கண்டுபிடித்த முறை அது. வாராவாரம் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். யாரை அளக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எண்ணியிருக்கிறார்.

பதினைந்து துண்டு என்றால் கால் நொடி. கால் நொடி என்றால் கீழே எத்தனை முழம் என்று ஆகாசத்துக்கு மனக்கணக்கே போதும்.

மச்சான் உள்ளே வந்தார். நோட்டையும் அதன் ஓரத்தில் இருந்த விரலையும் பார்த்தார்.

"என்னய்யா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றார். சிரிக்க முயன்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் ஆகாசம் பதில் ஜோக் அடிப்பார். இருவரும் சிரிப்பார்கள். டீ குடிப்பார்கள். விஷயம் போய்விடும். அந்தப் பதில் ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. அவர் அதை விழுங்கினார். அதற்கே பெரும் பலம் தேவைப்பட்டது.

"உன் தங்கச்சிக்குத் தெரியுமா?"

மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அவதான் முதல்ல பாத்தா. நீ பட்டன் போடத் தடுமாறினப்ப. மூணு வாட்டி உங்கிட்ட பேச வந்தாளாம். மூணு வாட்டியும் நீ அவளைச் சிரிக்க வச்சு அனுப்பிட்டியாம்."

"அதனால பட்டனை மாத்திட்டா."

"ஆமா."

"நீ வீட்டை வலப் பக்கம் மாத்திக் கட்டிட்ட."

"ஆமாய்யா." மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க வீட்டுல அப்படித்தான் பழகிப்போச்சு. சொல்ல மாட்டோம். லேசாக்கிக் கொடுப்போம். எங்கப்பா உனக்கு ஞாபகம் இருக்கா?"

மாமனாரை ஞாபகம் இருந்தது. பஸ் டிரைவர். கல்யாணத்தன்று டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். "மாமா, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க" என்று புது மாப்பிள்ளை ஆகாசம் ஜோக் அடித்தார். மண்டபமே சிரித்தது. மாமனாரும் சிரித்தார்.

"அவருக்கும் ஒரு விரல்லதான் ஆரம்பிச்சுது. கியர் பிடி வழுக்குதுன்னாரு. நான்தான் ரப்பர் வாங்கிச் சுத்திக் கொடுத்தேன். சட்டைக்கு அழுத்து பட்டன் வச்சுக் கொடுத்தது அவ. ரெண்டு வருஷம் ஓட்டினாரு. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருந்து ஓட்ட வச்சோம்."

"பிரேக் போயித்தானே அந்த ஆக்சிடென்ட்?"

"பிரேக்குன்னு எழுதினாங்க," என்றார் மச்சான்.

காற்று என்று எழுதியதுபோல. அந்த விபத்தில் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆகாசத்துக்குத் தெரியும். அவர்கள் தள்ளி நிற்கவில்லை. அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சுவரோடு சுவராகப் பதினோரு எட்டு தள்ளி நிற்கும் மஞ்சள் தொப்பி நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அது மறுபடி அங்கே வந்து நிற்கும், மேலே பார்த்துக்கொண்டு.

"டாக்டர்கிட்ட போனா என்ன சொல்லுவாங்க?"

"அதை டாக்டர்தான் சொல்லணும். எல்லாம் ஒரே வியாதி இல்ல, சிலது சரியாயிடும்கிறாங்க. செவ்வாக்கிழமைக்கு அவ நேரம் வாங்கி வச்சிருக்கா. உன்னை என்ன பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறதுன்னுதான் ரெண்டு பேரும் யோசிச்சுட்டு இருந்தோம்."

"என்ன பொய் கிடைச்சுது?"

"கண்ணுன்னு சொல்லலாம்னு பாத்தேன். நீ அச்சகம் முகவரி வரைக்கும் படிச்சுத் தொலைச்சிட்ட."

ஆகாசத்தின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று உதட்டுக்கே தெரியவில்லை. நோட்டை மூடினார். மூடும்போது இடது கை வரவில்லை. வலது கையாலேயே மூடினார். முன்பக்கம் கண்ணாடி உடைந்தவர் இருமிக்கொண்டு காத்திருந்தார்.

"செவ்வாய் செவ்வாய்ல பாத்துக்கலாம். நான் வேற கேக்கிறேன். ஜோக் இல்ல. நீயும் அடிக்காத." அவர் மச்சானின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "திங்கக்கிழமை காலையில நான் மேல ஏறலாமா?"

மச்சான் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு நேராகப் பார்த்தார்.

"ஏறக்கூடாதுய்யா. திங்கக்கிழமையும் கூடாது, அதுக்கப்புறமும் கூடாது."